கம்பளிக் கேள்வியின் உரிமையாளர்

எங்கள் பல்கலைக்கழகத்தில் அறிவு இருக்கிறதோ இல்லையோ, அறிவுசார் சொத்துரிமை மேலாண்மைப் பிரிவு இருக்கிறது. முன்பு நூலகத்தின் வாசிப்பறையாக இருந்த இடம் அது. புத்தகங்களைத் தூக்கிப் பின்பக்க நடைபாதையில் அடுக்கிவிட்டு, கண்ணாடித் தடுப்பும் ஏசியும் சுழல் நாற்காலிகளும் போட்டார்கள். மழை பெய்தால் புத்தகங்கள் நனையும், பிரிவு நனையாது. இதையெல்லாம் நான் விடுமுறை நாளில், என் வீட்டு மேசையில், என் காசில் வாங்கிய பேனாவால் எழுதுகிறேன் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பின்னால் தகராறு வரக்கூடாது.

நான் அங்கே கணக்கு வாத்தியார். ஆனால் இது ஆசிரியர் அறையில் எனக்குப் பக்கத்து மேசையில் இருந்த இயற்பியல் டீச்சரின் கதை. ஒப்பந்த ஆசிரியர். வருடா வருடம் கோடை விடுமுறையில் வேலை இருக்குமா இருக்காதா என்று வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வெப்பத்தைப் பற்றிய பாடத்தை அவர் மாதிரி நடத்த ஆள் கிடையாது என்று மாணவர்கள் சொல்வார்கள்.

பல்கலைக்கழகம் மூடிக் கிடந்த காலத்தில், பாடங்களை வீட்டிலேயே படம் பிடித்து அனுப்பச் சொன்னார்கள். டீச்சரின் கணவர் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். பேருந்தும் ஓடாததால் அவரும் வீட்டில்தான் இருந்தார். கேமராவை அவர் பிடித்துக்கொண்டார். பிடித்ததோடு நின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை. மனிதருக்கு வாய் சும்மா இருக்காது. கம்பளி நமக்குச் சூட்டைக் கொடுப்பதில்லை, நம் உடம்புச் சூட்டை வெளியே விடாமல் வைத்திருக்கிறது, அவ்வளவுதான் என்று டீச்சர் சொல்லிக்கொண்டிருக்கும்போது கேமராவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வரும்.

"அப்ப ஐஸ்கட்டியக் கம்பளியில சுத்தி வெச்சா என்னாகும்? சீக்கிரம் உருகுமா, மெதுவா உருகுமா?"

டீச்சர் சிரித்துவிடுவார். "போங்க நீங்க" என்பார். அப்புறம் கேமராவைப் பார்க்காமல் கொஞ்சம் மேலே, அவர் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்வார். "மெதுவாத்தாங்க உருகும். வெளிச்சூட்டை உள்ள விடாதுல்ல. கம்பளிக்கு யார் மேலயும் பாசமும் கிடையாது, பகையும் கிடையாது. இருக்கறத இருக்கறபடியே வெச்சுக்கும்." மாணவர்கள் அவருக்குக் 'கேமரா அங்கிள்' என்று பெயர் வைத்தார்கள். தங்களுக்குக் கேட்க வெட்கமாக இருந்ததையெல்லாம் அவர் கேட்டுவிடுகிறார் என்று என் வகுப்புப் பிள்ளைகளே என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.

போன வருடம் ஒரு நாள் காலையில் பணிமனைக்குக் கிளம்பி, ஷூ மாட்டக் குனிந்தவர் நிமிரவில்லை.

வீட்டில் அவருடைய போட்டோக்கள் நிறைய இருக்கின்றன. குரல்தான் இல்லை. போனில் அவர் பேசியதெல்லாம் 'சரி, வை' என்ற அளவுக்குத்தான். மூச்சுவிடாமல் பேசியது அந்தப் பாடங்களில் மட்டும்தான். அந்தப் பாடங்களோ பல்கலைக்கழகத்தின் தளத்தில் இருந்தன. அங்கே ஆசிரியர் பாடத்தை ஏற்றலாம், திறந்து கேட்க மாணவருக்கு மட்டும்தான் முடியும். பாடத்தை அனுப்பியதும் சொந்தப் பிரதியை அழித்துவிட வேண்டும், அழித்தேன் என்று கையெழுத்தும் போட வேண்டும் என்று விதி. நாங்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்டுவிட்டு அழிக்காமல் வைத்துக்கொண்டோம். டீச்சர் கையெழுத்தும் போட்டார், அழித்தும்விட்டார். இயற்பியல் படித்தவர்களிடம் இதுதான் கோளாறு. எதையாவது விதி என்று சொன்னால் நம்பிவிடுவார்கள்.

அவர் கேட்டது இவ்வளவுதான். தன் பாடங்களில் ஒரு பிரதி. வீட்டில் வைத்துக் கேட்பதற்கு.

பிரிவுக்குள் நுழையும்போது வாசலில் ஓர் உறுதிமொழியில் கையெழுத்து வாங்குவார்கள். 'இந்த அறையில் இருக்கும்போது என் மனதில் தோன்றும் எண்ணங்கள் அனைத்தும் பல்கலைக்கழகத்துக்கே உரியவை.' டீச்சர் அதைப் படித்துப் பார்த்துவிட்டு, உள்ளே எதையும் நினைக்காமலிருக்க முடிவு செய்து கையெழுத்துப் போட்டார். அங்கே வேலை செய்பவர்களுக்கு அது பழகியிருந்தது.

பிரிவின் இயக்குநரை நாங்கள் 'சொத்து சார்' என்போம். முன்பு விடுதிச் சமையலறைக்குப் பொறுப்பாளராக இருந்து, சர்க்கரை டப்பா முதற்கொண்டு எல்லாவற்றுக்கும் பூட்டுப் போட்டு நல்ல பெயர் வாங்கியவர். அதே பூட்டுகளோடு இங்கே வந்தார். வந்த புதிதில், மொழித்துறைப் பேராசிரியர் பாடத்தில் சொன்ன பழம்பாட்டு ஒன்றுக்கு அதைப் பாடிய புலவரின் அனுமதிக் கடிதம் எங்கே என்று கேட்டார். புலவர் காலமாகிப் பல நூற்றாண்டு ஆகிறது என்றார் பேராசிரியர். அப்படியானால் இறப்புச் சான்றிதழ் வேண்டும் என்றார் சொத்து சார். இன்றைக்கும் அந்தப் பாடத்தில் பாட்டு வரும் இடத்தில் பேராசிரியர் வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருப்பார். விலங்கியல் ஆசிரியரின் பாடத்தில் குறுக்கே போன பூனையிடம் ஒப்புதல் வாங்க முயன்றதும் உண்மைதான். பூனை ஒத்துழைக்கவில்லை.

சொத்து சார் டீச்சரின் பாடத்தைக் காதுக்கருவியில் கொஞ்ச நேரம் கேட்டார். டீச்சருக்குக் கேட்கவில்லை.

"நடுவுல ஒரு ஆம்பளக் குரல் வருதே, அது யாரு?"

"என் வீட்டுக்காரர் சார்."

"நம்ம ஸ்டாஃபா?"

"இல்ல சார். மெக்கானிக்."

"ஃபீஸ் கட்டுன மாணவரா?"

"இல்ல சார்."

"அப்புறம் எந்தத் தகுதியில கேள்வி கேட்டாரு?"

டீச்சர் யோசித்தார். யோசிக்கக்கூடாது என்பது நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டார். "அவருக்குப் புரியல சார். அதான் கேட்டாரு."

"புரியாம இருக்கறதெல்லாம் ஒரு தகுதி கிடையாதும்மா" என்றார் சொத்து சார், அன்பாகவே. "நீங்க வந்ததும் நல்லதாப் போச்சு. இந்த ஓட்டைய நாங்க கவனிக்கவே இல்ல. அவரை வந்து ஒரு ஒப்புதல் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்க."

"அவர் இறந்துட்டாரு சார்."

"அடடா. அப்ப வாரிசுதாரர் எழுதிக் கொடுக்கணும்."

"நான்தான் சார் வாரிசு."

"ரொம்ப சுலபமாப் போச்சு. அவரோட கேள்விங்க இப்ப உங்க சொத்து. நீங்க எங்க ஊழியர். ஊழியரோட அறிவுச் சொத்து எல்லாம் ஒப்பந்தப்படி பல்கலைக்கழகத்துக்குச் சொந்தம். அதனால அந்தக் கேள்விங்க எங்களுது."

"சரி சார், உங்களுதாவே இருக்கட்டும். எனக்கு ஒரு பிரதி போதும்."

"எங்க சொத்த எப்படிம்மா வெளியாளுக்குத் தூக்கிக் கொடுக்கறது?"

"நான் ஊழியர்னு இப்பத்தானே சார் சொன்னீங்க."

"கொடுக்கும்போது நீங்க ஊழியர். கேட்கும்போது வெளியாள். ஒப்பந்தத்துல தெளிவா இருக்கு."

விஷயம் குழுவுக்குப் போனது. குழு என்பது சொத்து சாரும், சட்ட ஆலோசகரும், இரண்டு பேரும் சொல்வதற்கெல்லாம் தலையாட்ட ஒரு வெளி நிபுணரும். பாடத்தைக் கேட்டுப் பார்த்து முடிவு செய்வதாகச் சொன்னார்கள். கேட்கும் உரிமை டீச்சருக்கு இல்லாததால் அவரை வெளியே நிற்கச் சொன்னார்கள். நல்ல கனமான கதவு, பழைய நூலகத்துக் கதவு. கணவரின் குரல் வெளியே வரவில்லை. குழு சிரிப்பது மட்டும் வந்தது. நடைபாதையில் ஈரப் புத்தகங்களுக்கு நடுவே நின்றுகொண்டு, எந்தக் கேள்விக்குச் சிரிக்கிறார்கள் என்று டீச்சர் ஊகித்துக்கொண்டிருந்தார். செத்துப்போன மனிதனின் பேச்சைக் கேட்டு உள்ளே மூன்று பேர் சிரிக்கிறார்கள், கட்டியவள் வெளியே காத்துக்கிடக்கிறாள்.

கதவு திறந்தது. சட்ட ஆலோசகர் முடிவைச் சொன்னார். "பாடத்தைச் சுத்தம் பண்ணப் போறோம். அனுமதியில்லாத குரல் எதுவும் இருக்காது. உங்களுக்கும் மனக்கஷ்டம் இருக்காது."

"பழசு?"

"பல்கலைக்கழகத்தோட சொத்த அழிக்கறதுக்கு யாருக்கும் அதிகாரம் கிடையாது. அதனால மூலப்பிரதி பத்திரமா இருக்கும். யாரும் கேட்க முடியாது, அவ்வளவுதான்." சொத்து சாரின் நாற்காலிக்குப் பின்னால் இருந்த இரும்பு பீரோவைக் காட்டினார். நல்ல பூட்டு.

அடுத்த கோடையில் டீச்சருக்கு ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. பாடம்தான் முழுவதும் பதிவாகிவிட்டதே, அதை நடத்த ஆசிரியர் எதற்கு என்று கேட்டார்கள். கேட்டவர்களிடம் எந்தத் தகுதியில் கேட்கிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. நானும்தான். வாயை மூடிக்கொண்டு தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

வேலை போன பிறகு தளத்தில் நுழையும் வழியும் அடைபட்டது. சொத்துரிமைப் பிரிவின் உதவியாளர் நல்ல பெண். அவள்தான் யோசனை சொன்னாள். "மாணவரா சேர்ந்துடுங்க மேடம். மாணவர்னா பார்க்கலாம். சுத்தம் பண்ற வேலை மெதுவாத்தான் நடக்குது. கம்பளிப் பாடம் அவங்க கைக்குப் போறதுக்குள்ள நீங்க அதை எட்டிப் பிடிச்சுட்டா ஒருவேளை கேட்டுடலாம்."

அப்படித்தான் இயற்பியல் டீச்சர் தன் பாடத்துக்குத் தானே மாணவியானார். ஒரு பாடத்தைப் பார்த்து, கட்டுரை எழுதிக் கொடுத்தால்தான் அடுத்த பாடம் திறக்கும். முதல் கட்டுரை திரும்பி வந்தது. காப்பி அடித்திருக்கிறார் என்று கம்ப்யூட்டர் கண்டுபிடித்துவிட்டது. விசாரணைக்குச் சொத்து சாரே கூப்பிட்டார்.

"பாடத்துல டீச்சர் சொல்ற வாக்கியத்த வரிக்கு வரி எழுதியிருக்கீங்க."

"சார், அந்த டீச்சர் நான்தான்."

"அதனாலதான் சந்தேகம் உறுதியாகுது. இவ்வளவு துல்லியமா வேற யாரால காப்பி அடிக்க முடியும்?"

"என் வார்த்தைய நான் எழுதறேன் சார்."

"அந்த வார்த்தைங்கள நீங்க எங்களுக்குக் கொடுத்தாச்சு. வேற வார்த்தை ஏதாவது வெச்சிருந்தா எழுதுங்க. மொழியில வார்த்தைக்கா பஞ்சம்?"

டீச்சர் வீட்டுக்கு வந்து, தனக்கு நன்றாகத் தெரிந்ததை நன்றாகத் தெரியாதது போல எழுதப் பழகினார். தெளிவாக இருந்த இடத்தையெல்லாம் குழப்பினார். கட்டுரைகள் உடனுக்குடன் தேறின. சுத்தம் செய்கிறவர்கள் முன்னே போய்க்கொண்டிருந்தார்கள், இவர் பின்னால் ஓடினார். வெளியூரில் படிக்கும் மகள் விடுதியிலிருந்து வந்திருந்த ஒரு மத்தியான நேரம், கம்பளிப் பாடம் திறந்தது.

கட்டிலில் இரண்டு பேரும் சாய்ந்து உட்கார்ந்து பார்த்தார்கள். திரையில் டீச்சர் கம்பளியைப் பற்றிப் பேசினார். பேசிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். கேமராவுக்கு மேலே பார்த்தார். ஒரு சத்தமும் இல்லை. மின்விசிறிச் சத்தத்தைக்கூட விட்டுவைக்கவில்லை. அந்த மௌனத்தைப் பார்த்து முகம் மலர்ந்து, திரையில் இருந்த டீச்சர் சிரித்தார். "போங்க நீங்க" என்றார். அது அவர் குரல் என்பதால், பல்கலைக்கழகத்தின் சொத்து என்பதால், அப்படியே இருந்தது.

"அம்மா, இங்கதான் அப்பா ஏதோ கேட்டிருக்காரு. என்னம்மா கேட்டாரு?"

டீச்சர் சொன்னார். சொல்லும்போது கணவரின் இழுப்போடு சொல்லிப் பார்த்தார். வரவில்லை.

இதற்கு நடுவில் பிரிவுக்கு வேறு கவலை வந்துவிட்டது. டீச்சர் தனியாகச் சிரிக்கிறார், அவருக்கு உடம்புக்கு ஏதாவதா என்று மாணவர்கள் தளத்தில் கேட்க ஆரம்பித்தார்கள். பாடத்தின் மதிப்பு இறங்கியது. குழு கூடியது. அதன் விளைவாக வந்ததுதான் 'மேம்படுத்தப்பட்ட பாடம்'. அதன் அறிமுக விழாவுக்கு எல்லா ஆசிரியர்களும் வந்தே தீர வேண்டும் என்று உத்தரவு. மாணவர்களும் வரலாம் என்றிருந்ததால் டீச்சரும் வந்து கடைசி வரிசையில், என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். மேடைக்கு முன்னால் பெரிய கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

துணைவேந்தர் பேசினார்.

"அறிவு தண்ணி மாதிரின்னு சொல்லுவாங்க. தண்ணிகிட்ட என்ன பிரச்சினைன்னா, அது பாட்டுக்கு ஓடிடும். நாம அதுக்குக் குழாய் போட்டிருக்கோம், குழாய்க்குப் பூட்டும் போட்டிருக்கோம். இந்தப் பல்கலைக்கழகத்துக்கு ஆசிரியருங்க வருவாங்க, போவாங்க. சம்பள உயர்வு கேப்பாங்க, லீவு கேப்பாங்க. பதிவான பாடம் எதுவும் கேக்காது. மாணவர்கள் கேள்வி கேட்டாங்கன்னா, அதுக்குப் பதில் சொல்லவும் ஆள் வேணும். இனிமே கேள்வியையும் நாமளே தயாரிச்சு வழங்கறோம். கேள்வியும் நம்மளுது, பதிலும் நம்மளுது. வெளியிலிருந்து யாரும் வந்து எதையும் தெரிஞ்சுக்க வேண்டிய அவசியமே இல்லாத நிலைய நாம எட்டிட்டோம்."

கைதட்டினார்கள். நானும் தட்டினேன், வருகைப் பதிவேட்டுக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரையில் கம்பளிப் பாடம் ஓடியது. டீச்சர் பேச்சை நிறுத்தினார். கேமராவுக்கு மேலே பார்த்தார். அந்த இடத்தில் ஒரு குரல் வந்தது. ரயில் நிலையத்தில் வண்டி தாமதம் என்று அறிவிப்பார்களே, அந்த மாதிரி மழமழவென்ற வாடகைக் குரல். "ஆசிரியரே, எனக்கு ஓர் ஐயம். பனிக்கட்டியைக் கம்பளியால் சுற்றி வைத்தால் அது விரைவாக உருகுமா, மெதுவாக உருகுமா?"

அந்தக் குரலைப் பார்த்து, அவ்வளவு பெரிய திரையில், கண்ணெல்லாம் சிரிப்பாக டீச்சர் சொன்னார்: "போங்க நீங்க."

அரங்கம் சிரித்தது. எவ்வளவு இயல்பா இருக்கு பாருங்க என்று முன்வரிசையில் யாரோ சொன்னது எனக்குக் கேட்டது.

பக்கத்து நாற்காலியைப் பார்த்தேன். டீச்சர் எழுந்து நின்றிருந்தார். இத்தனை வருடத்தில் அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அன்றைக்கு மைக் இல்லாமலே அரங்கம் முழுக்கக் கேட்டது.

"எனக்கு ஒரு கேள்வி இருக்கு."

மேடையில் சொத்து சார் மைக்கைப் பிடுங்கினார். "எந்தத் தகுதியில கேக்கறீங்க?"

"புரியாததால கேக்கறேன். அந்த ஆளு யாருன்னே எனக்குத் தெரியாது. அவரப் பார்த்து நான் எதுக்குச் சிரிக்கணும்? நான் சிரிச்சது என் புருஷனப் பார்த்து. அவர் குரலத்தான் பூட்டி வெச்சுக்கிட்டீங்க. என் சிரிப்பையாவது அதுலருந்து எடுத்துடுங்க."

சொத்து சாரின் நெற்றி வியர்த்தது. ஆனால் பூட்டுக்காரர் பூட்டுக்காரர்தான். "அந்தச் சிரிப்பு பல்கலைக்கழகத்தோடது. வேலை நேரத்துல சிரிச்சது. உங்களுக்கு அதுல எந்தப் பாத்தியதையும் கிடையாது. உட்காருங்க. நீங்க இங்க யாருமே கிடையாது." மேசையைத் தட்டினார். "நீங்க இங்க இல்லவே இல்ல. புரியுதா?"

டீச்சர் உட்காரவில்லை. பையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். நான் எழுந்து அவர் பின்னால் போனேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. விழா முடிந்த பிறகுதான் போனேன்.

விழாவின் காணொளி தளத்தில் ஏறியது. ஏற்றுவதற்கு முன் வழக்கப்படி சுத்தம் செய்திருந்தார்கள். அனுமதியில்லாத குரலை எடுத்துவிட்டார்கள். அனுமதியில்லாத உருவத்தையும் எடுத்துவிட்டார்கள், கடைசி வரிசையில் என் பக்கத்தில் காலி நாற்காலி இருந்தது. மேடையில் பேசியது அதிகாரிகள், அது பல்கலைக்கழகத்தின் சொத்து, அதில் கைவைக்க யாருக்கும் அதிகாரமில்லை. அதனால் சொத்து சார் மட்டும் மைக்கைப் பிடுங்கிக்கொண்டு, வியர்த்து விறுவிறுத்து, ஒரு சத்தமும் இல்லாத அரங்கத்தில், ஒரு காலி நாற்காலியைப் பார்த்து, "அந்தச் சிரிப்பு பல்கலைக்கழகத்தோடது" என்று கத்திக்கொண்டிருந்தார். மேசையைத் தட்டி, "நீங்க இங்க இல்லவே இல்ல. புரியுதா?" என்று கேட்டார்.

பல்கலைக்கழகத்தின் எந்தப் பாடத்தையும் இத்தனை பேர் பார்த்ததில்லை. பிள்ளைகள் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துச் சிரித்தார்கள். கீழே ஒரு மாணவி கேட்டிருந்தாள்: 'சார் யார்கிட்ட இவ்வளவு கோபமா பேசறாரு? அங்க யாருமே இல்லையே.'

அதற்குக் கீழே டீச்சர், மாணவியாகத் தனக்கிருந்த உரிமையில், இரண்டே வார்த்தை எழுதியிருந்தார்.

'என் வீட்டுக்காரர்கிட்ட.'

அதை உடனே நீக்கச் சொல்லிச் சொத்து சார் குதித்திருக்கிறார். உதவியாளர்ப் பெண் விதியை எடுத்துக் காட்டினாளாம். தளத்தில் யார் எதை எழுதினாலும் அது பல்கலைக்கழகத்தின் சொத்து. பல்கலைக்கழகத்தின் சொத்தை அழிக்க யாருக்கும் அதிகாரம் கிடையாது.

பீரோ இன்னும் பூட்டித்தான் இருக்கிறது. அந்த இரண்டு வார்த்தையும் தளத்திலேயேதான் இருக்கிறது.